சித்ரியின் தண்டு

கர்த்தரின் கூடாரத்தின் மேல் நின்ற மேகம் காலையில் எழும்பியது; புறப்படச் சொல்லும் அடையாளம் அது. பாளயம் முழுக்கக் கூடார முளை பிடுங்கும் சத்தம். கர்த்தரின் பொருள்களைச் சுமக்கும் லேவியர் வரிசையில் யாகாத் மட்டும் நகத்தைக் கடித்தபடி நின்றான். கர்த்தரின் கட்டளைப் பலகைகள் இருக்கும் சாட்சிப் பெட்டியின் இடது தண்டைப் பின்னாலிருந்து சுமந்தவன் அவன் அண்ணன் சித்ரி. போன வாரம், ஆசாரியர்கள் பெட்டியை மூடி முடிக்குமுன் சித்ரி எட்டிப் பார்த்துவிட்டான். நின்ற இடத்திலேயே விழுந்து செத்தான். இன்று அந்த இடம் யாகாத்துக்கு.

யாருக்கு எந்தச் சுமை என்பது கர்த்தரின் கட்டளை. தலைவர் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி நிறுத்த வேண்டும். பெயர் சொல்லப்படாமல் கை வைத்தவன் பிழைத்ததில்லை.

தலைவர் எரிமோத் யாகாத்தின் சித்தப்பாதான். ஆனால் கோலைக் கையில் பிடித்துவிட்டால் உறவாவது ஒன்றாவது! கடகடவென்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்:

"இடது பின்தண்டு, சித்ரி!"

வரிசையில் எல்லோரும் யாகாத்தைப் பார்த்தார்கள்.

"இருக்கேன்."

குரல் யாகாத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினான். வெறும் மணல்.

"செத்தவன் பேருக்கு நீ ஏண்டா பதில் சொல்றே?" என்றார் எரிமோத்.

"நான் வாயே தெறக்கல சித்தப்பா. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. உங்க கால்ல விழறேன்."

எரிமோத்தின் முகம் வெளிறியது. ஆனாலும் இறங்கி வர மனமில்லை. "என் வாய் தவறிச்சுன்னா, என்னை நியமிச்ச கர்த்தரே தவறிட்டாருன்னு பாளயமே பேசும். சொன்னது சொன்னதுதான். போய் நில்லு."

எக்காளம் முழங்கியது. முன்தண்டுக்காரன் அமரியா சிரித்தான். "சாய்ச்சிராதடா குள்ளா. உங்கண்ணன் ஒட்டகம் மாதிரி ஒசரம்."

யாகாத் கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்டின் கீழே போய் நின்றான். சாவு எப்படி வரும் என்று காத்திருந்தான். தண்டு எழும்பியது. தோளில் கனமே இல்லை. கண்ணைத் திறந்தால், தண்டு அவன் தோளுக்கு நாலு விரல் மேலே, சாயாமல் போய்க்கொண்டிருந்தது.

பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. மேடேறும்போது சித்ரிக்கு மூக்கு இப்படித்தான் லேசாகச் சீட்டியடிக்கும். செத்தும், கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டானே!

பக்கத்தில் நடந்த எரிமோத்தும் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டார். மேட்டின் உச்சிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"சித்ரி, போதும்ப்பா. தப்பு என்னுது. நீ போ."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இடது பின்தண்டு, யாகாத்!" என்றார்.

"இருக்கேன் சித்தப்பா."

கனம் தோளில் இறங்கியது. பின்னால் மூச்சு நின்றுவிட்டது.

"ஏய் குள்ளா, இப்ப ஏண்டா சாய்க்கிறே?" என்று அமரியா கத்தினான். "இவ்வளவு நேரம் நல்லாத்தானே தூக்கிட்டு வந்தே!"

யாகாத் குதிகாலை எக்கித் தண்டை நிமிர்த்தினான். அழுகையை அடக்குவதுதான் அவனுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.