கொறச்சு வைங்க

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, மதில் தாண்டி வந்தது. பாலக்காட்டை ஒட்டிய எலப்புள்ளியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு அடுத்த வீடு காளிச்சாமியுடையது. கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் இருபத்தாறு வருஷம் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு இடுப்புயர ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினார். மூன்று வருஷமாக அதன் சத்தத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நான் மூன்று வாரமாக இந்தப் பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். யாருக்கு முதலில் பைத்தியம் பிடிக்கும் என்று என் வீட்டில் பந்தயம் ஓடுகிறது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"ஒலி என்பது காற்றின்..." (ஐயோ, வேண்டாம்.)

"காளிச்சாமி ஒரு"

"செல்லாத்தாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்." (இது தேவலை. இருக்கட்டும்.)

செல்லாத்தாள் காளிச்சாமியின் மனைவி. ஸ்பீக்கர் வந்த புதிதில் கூடத்தில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்டார். பாடுகிறவள் வாய்க்குள்ளேயே பாடுகிறாள் என்று காளிச்சாமிக்குக் குறை. ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரை ஃபோனில் திறந்து, நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்ற மேல்சுருதியைக் கொஞ்சம் ஏற்றினார். பாட்டு கீச்சிட்டது, நாற்காலி சமையலறைக்குப் போனது. இன்னும் ஏற்றினார், நாற்காலி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. மேற்கொண்டு ஏற்ற இடமில்லாமல் போன நாளில் அது தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் இருந்தது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்தம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்க, கொறச்சு வைங்க."*

* இதற்கு அடிக்குறிப்பு கட்டாயம். தமிழில் இது 'குறைத்து வையுங்கள்'. மலையாளத்தில் 'குறச்சு' என்றால் 'கொஞ்சம்', ஆக 'கொஞ்சம் போடுங்கள்'. செல்லாத்தாள் பாலக்காட்டுச் சித்தூரில் மலையாளத்தில் படித்தவர். எந்த வார்த்தை எந்த மொழி என்று எங்கள் பக்கத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெண்டாட்டிக்கும் பிடித்துப்போனது என்ற பூரிப்பில் காளிச்சாமி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டித்தான் போட்டார்.

3

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. நாற்காலி தோப்புக்குப் போனது ஒரு மனிதருக்குத் தெரியாதா? பிடிவாதக்காரர் என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஏனென்றால் மதிலோரம் ஒருநாள் அவர் என்னைக் கேட்டிருந்தார், "எம்பொண்டாட்டி இப்பெல்லாம் முணுமுணுக்கறா. உங்களுக்காச்சும் வெளங்குதுங்களா?" நான் சிரித்துவிட்டேன். அதே வாரம் அந்தம்மா, மனுஷன் தன் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்று என்னிடம் கண்கலங்கினார். முப்பத்தொரு வருஷம் ஓயாமல் பேசியவர்கள் பேச்சைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.)

4

பெட்டியில்தான் கோளாறு என்று காளிச்சாமி அஷ்ரஃபை வரவழைத்தார். சித்தூரில் அந்த ஸ்பீக்கரை விற்ற கடைக்காரர். அளவெடுக்கும் மைக்கும் லேப்டாப்புமாக வந்தார். நானும் போய் நின்றேன். எழுத்தாளனுக்கு அழைப்பு எதற்கு?

அஷ்ரஃப் முதலில் ஈக்வலைசரை அணைத்தார். பிறகு கீழ்ச்சுருதியிலிருந்து உச்சிவரை ஏறும் ஒரு விசிலை ஓடவிட்டார். ஊஊஊ... ஈஈஈ. திரையில் கோடு ஏறக்குறைய வயல்மட்டமாக வந்தது.

"நடுவுல கரண்டு போயிருச்சுங்களே," என்றார் காளிச்சாமி.

போகவில்லை. எனக்குக் கேட்டது. வாசலில் நின்ற செல்லாத்தாளுக்குக் கேட்டது. அஷ்ரஃப் மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் அதே நாலாயிரத்தில் காளிச்சாமி ஒருவருக்கு மட்டும் கரண்டு போனது.

"அண்ணா, பொட்டி நேராத்தான் இருக்கு. பள்ளம் உங்க காதுலயாக்கும். பிரஸ் சத்தத்துல வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு வர்றதுதான், டாக்டர்கிட்ட காட்டுங்க."

(மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் மாதிரி ஒரு பள்ளம் என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன். நாங்கள் கணவாய்க்குள்ளேயே குடியிருக்கிறோம். அது பள்ளம் என்று எங்களுக்குத் தெரிவதில்லை.)

செல்லாத்தாள் முணுமுணுக்கவில்லை. அவருடைய பேச்சில் பாதி அந்தப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

5

முடிவு அ: காதுக்கு மெஷின் வாங்கினார், சுபம். (விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: செல்லாத்தாள் ஸ்பீக்கர்களைக் கிணற்றில் தள்ளினார். (எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் அது குடிக்கிற தண்ணீர். அந்தம்மா ஒருக்காலும் செய்யமாட்டார்.)

நடந்தது இதுதான். சாயங்காலம் நாற்காலி கூடத்துக்குத் திரும்பி வந்தது. இரண்டு பெட்டியின் சத்தமும் சரியாகச் சேருவது ஒரே ஒரு இடத்தில்தான் என்று காளிச்சாமி தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். மூன்று வருஷமாக வேறு யாரும் உட்காராத இடம். அங்கிருந்து எழுந்து மனைவியை உட்காரச் சொன்னார். பாட்டுப் போட்டார். செல்லாத்தாள் என்னவோ சொன்னார். காளிச்சாமியின் கை வழக்கம்போல ஃபோனுக்குப் போய், பாதியில் நின்றது.

"கேக்கலெ புள்ள. இன்னொருக்கா சொல்லு."

மூன்று வருஷத்தில் அவர் வாயில் ஒருமுறைகூட வராத சொல் அந்தக் 'கேக்கலெ'. மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

செல்லாத்தாள் மறுபடி சொன்னார். அதே இரண்டு வார்த்தை. எந்த மொழியில் என்று நான் எழுதப்போவதில்லை. ஃபோன் இப்போது உங்கள் கையில். கூட்டுவதா, குறைப்பதா? சந்தேகமாக இருந்தால் வெட்கப்படாதீர்கள். பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார், அவரையே கேளுங்கள்.