வலச்செவியில் விழுந்த பாங்கு

கீழ்த்திசையில் ஓயாக் கடல் வெண்மணலைத் தொட்டுத் தொட்டு மீள, மேற்றிசையில் விளைந்து தலைசாய்ந்த நெல்வயல்கள் கண்ணெட்டும் தொலைவரை பொன்னிறம் பூண்டு கிடக்க, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ஒரே நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஊரோடு ஊர் தோளுரசி நிற்கும் கல்முனைக் கரையோரத்தை, படிப்பவரே, பிற்பகல் வேளையில் நீர் கண்டதுண்டோ? கதிரவன் வயற்பக்கம் சாயத் தொடங்குகையில் மருதமுனையின் வீடுகளில் தறியொலி ஒவ்வொன்றாய் அடங்கும். தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசலின் பாங்கொலி தென்னந்தலைகளின் மேல் எழுந்து தெற்கே பாண்டிருப்பின் வேலிகளையும் தாண்டிச் செல்லும். புதிதாய் வந்தவன் ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறதென அறியமாட்டான். அவ்வூர்களில் பிறந்தவர்களோ அந்த எல்லையை ஒரு வேலிக்கம்பு பிசகாமல் காட்டுவார்கள்.

அவ்வெல்லைக்கு வடக்கே, மருதமுனையில், ஹவ்வா உம்மா என்னும் நெசவாட்டி வாழ்ந்தாள். அவள் கணவன் மக்கீன் கடலில் வலைவீசிப் பிழைப்பவன். நெடுங்காலம் மகப்பேறின்றி ஊரார் வாய்க்கு அவலாகி நொந்திருந்த அவ்விருவர்க்கும், எழுபத்தெட்டாம் ஆண்டின் நடுவிலே ஒரு பெண்மகவு பிறந்தது. நதீரா எனப் பெயரிட்டார்கள். மண்ணில் விழுந்த உயிர் முதன்முதல் கேட்கும் சொல் இறைவனின் சொல்லாய் இருத்தல் வேண்டுமென்பது அம்மக்களின் முறை. ஆகவே மக்கீன், குருதியீரம் துடைத்த குழந்தையைக் கைகளில் ஏந்தி, கடற்காற்றை எதிர்த்துக் கூவிக் கரகரத்துப்போன தன் குரலை இயன்றமட்டும் மென்மையாக்கி, அதன் வலச்செவியில் பாங்கு சொன்னான். குழந்தை அழுகையை நிறுத்திக் கேட்டதாம். இதைச் சொல்லாமல் ஹவ்வா உம்மா எவரையும் வீட்டைவிட்டு அனுப்பியதில்லை.

அவ்வாண்டின் கார்த்திகையிலேயே பெரும்புயல் வந்தது. தோணியைக் கட்டிவரச் சென்ற மக்கீன் மீளவில்லை. கூரை சரிந்து விழும் ஓசை கேட்டவுடன், நெய்பவர் கால்வைக்கும் தறிக்குழிக்குள் குழந்தையைத் தள்ளித் தன்னுடலால் குழியை மூடிக்கொண்ட ஹவ்வாவின் மேல் தறிமரங்களும் கூரைவளையும் சேர்ந்து விழுந்தன. இடுப்பும் காலும் நொறுங்கிய அவளைத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையை, இரு ஊராரும் ஒன்றாய் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தியின் மடியில் கிடத்தினார்கள். அந்த யாரோ ஒருத்திதான் பாண்டிருப்புப் பூரணம். நெல்லாலைத் தொழிலாளி அழகரெத்தினத்தின் மனைவி. அன்று காலையிலே இடிந்த சுவருக்கடியிலிருந்து தன் சிசுவின் உடலை எடுத்தவள். மார்பில் பால்கட்டி நோவால் துடித்துக்கொண்டிருந்த அவள், அது யார் பிள்ளையென்று கேளாமலே மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஓராண்டிற்கு மேலாயிற்று, ஹவ்வா கோலூன்றி ஊர் திரும்புவதற்கு. பாண்டிருப்பு வாயிலில் நின்று அவள் கைநீட்டியபோது குழந்தை முகத்தைத் திருப்பிப் பூரணத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பெற்றவளின் கை வெறுங்கையாய் அந்தரத்தில் நின்றது. அவள் பிடுங்கவில்லை. பால் கொடுத்தவளும் தாயென்றே அவள் நெறி சொல்லிற்று. அதை அவள் வாயளவில் வைத்திருந்தவளும் அல்லள். ஆனால் அவள் தம்பி ஜவுபருக்கு அது பொறுக்கவில்லை.

"ராத்தா, புள்ளைய ஏன் அங்க உட்டுட்டு வந்தீங்க? அவங்க இப்ப ஏசு வேதத்துக்குப் போன ஆக்கள்."

"போனா என்னடா தம்பி? அவட வாப்பா காதுல பாங்கு சொன்ன புள்ள. அது எங்க வளந்தாலும் அழியுமா? என்ட கால் கொஞ்சம் தேறட்டும், தறியப் போட்டுக்கிட்டுக் கூட்டி வாறன்."

இதுவே அவள் செய்த பிழை, படிப்பவரே. செவியில் ஒருமுறை விழுந்தது உயிருள்ளவரை ஒலித்துக்கொண்டே இருக்குமென அவள் நம்பினாள். நாள்தோறும் காலையும் மாலையும் வேறொரு சொல் அச்செவியில் அன்போடு விழுந்துகொண்டிருந்ததை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. கால் தேறவும் தறி எழவும் ஆண்டுகள் பிடித்தன. வெள்ளிதோறும் கோலூன்றிச் சென்று, தான் நெய்த துணியில் தைத்த சட்டையை மகளுக்கு அணிவித்து, அவளை நதீரா என்றழைத்து, உம்மா என்று அழைக்கப்பெற்று, மாலையில் தனியே மீள்வாள்.

பூரணம் திருச்சபைக்குச் சென்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை இழந்த நாள்களில், ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதவள் போதகரின் மனைவி ஒருத்திதான். தன் மகனைச் சாகக் கொடுத்த கடவுளைப்பற்றி அவள் சொல்லக் கேட்டு, "அப்ப அவருக்கு என்ட நோவு விளங்கும்" என்று பூரணம் திருமுழுக்குப் பெற்றாள். அப்போது அவளுக்கு முப்பது கடந்திருந்தது. உண்மையாகவே நம்பினாள், ஆயினும் முப்பது ஆண்டுப் பழக்கம் சொல்லிக்கொண்டு போய்விடுமா? இடி இடித்தால் அவள் வாயில் முதலில் வருவது "கண்ணகை அம்மாளே!" என்பதுதான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏசுவே" என்பாள். தெய்வங்களுக்குள் வழக்கு வந்திருந்தால் முதற்சாட்சியாய் இவளைத்தான் அழைத்திருப்பார்கள்.

"இடிக்கு மட்டும் ஏன்மா எப்பவும் அவவ முதல்ல கூப்பிடுறீங்க?" என்று சிறுமி கைகொட்டிச் சிரிப்பாள்.

அச்சிறுமிக்கு அத்தகைய தடுமாற்றம் ஒன்றுமில்லை. நேசம் என்று பூரணம் அழைத்த அப்பிள்ளைக்குக் கடவுள் என்பவர் வீட்டிலுள்ள இன்னொருவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலும் அவரிடம்தான் முறையிடுவாள். காய்ச்சலில் பிதற்றும்போதும் அவரோடுதான் பேசுவாள். பூரணம் ஒரு கதவைத் திறந்து உள்ளே வந்தவள். வெளியே என்ன இருந்ததென்பது அவளுக்கு மறக்கவில்லை. நேசமோ அவ்வீட்டிலேயே கண்விழித்தவள். கதவு ஒன்று உண்டென்பதே அவளுக்குத் தெரியாது.

ஏழெட்டு வயதில் ஒரு நோன்பு மாதத்தில் ஹவ்வா உம்மா மகளைத் தன்னோடு அழைத்துச் சென்றாள். திரும்ப அனுப்புவதில்லை என்ற முடிவோடுதான் அழைத்துச் சென்றாள். சிறுமியும் ஆசையோடு நோன்பிருந்தாள். தலையில் முக்காடிட்டுத் தாயோடு நின்று குனிந்தாள், நிமிர்ந்தாள். பெற்ற வயிறு குளிர்ந்தது. நோன்பு திறக்கும் வேளையில், பேரீச்சம்பழத்தைக் கையிலெடுத்த சிறுமி, கண்களை இறுக மூடிக் கைகூப்பி உதட்டை அசைத்தாள்.

"யாருக்கிட்டடி கேக்காய்?" என்றாள் தாய்.

"ஏசப்பாட்ட, உம்மா. உங்கட கால் நோ மாறோணும் எண்டு."

ஹவ்வாவின் கையிலிருந்த கஞ்சிக் கோப்பை சாய்ந்தது. மகள் சூது செய்திருந்தால் அடித்திருப்பாள். பிடிவாதம் காட்டியிருந்தால் திட்டியிருப்பாள். இது தன்மேல் கொண்ட அன்பிலிருந்தல்லவா வந்தது! அதை எங்கே பிடித்து எப்படி இழுப்பது? பெருநாள் கழிந்ததும் அவளே மகளைப் பாண்டிருப்பிற்குக் கொண்டுவந்து விட்டாள். "கொஞ்சம் வளரட்டும் தங்கச்சி, வெவரம் வரக்குள்ள தானா வருவாள்" என்று பூரணத்திடம் சொன்னாள். சொன்னவளும் நம்பவில்லை, கேட்டவளும் நம்பவில்லை.

அதன்பின் முஸ்லிம் ஊரான மருதமுனைக்கும் தமிழ் ஊரான பாண்டிருப்பிற்கும் இடையே பகை மூண்டு நெடுஞ்சாலை அஞ்சத்தக்கதாயிற்று. வெள்ளிக்கிழமைகள் விட்டுவிட்டு வந்தன. எண்பத்தெட்டாம் ஆண்டு மாரி தொடங்கிய வேளையில் ஜவுபர் கடற்கரை வழியாய் ஒளிந்து வந்து பூரணத்தின் வாயிலில் நின்றான். ராத்தாவுக்கு நெஞ்சில் சளிகட்டி மூச்சு இழுக்கிறது, மகளைக் கேட்கிறாள் என்றான். பூரணம் உலையை இறக்கி வைத்துவிட்டு, சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன்பின் நடந்தாள்.

தறிக்கு அருகே பாயில் கிடந்தாள் ஹவ்வா. கண் மங்கிவிட்டது. சாகக் கிடப்பவர் செவியில், இறைவன் ஒருவனே என நம்பி உரைக்கும் கலிமாவை மெல்லச் சொல்லிக் கொடுப்பதும், அதைக் கேட்டபடியே உயிர்பிரிவதும் அம்மக்கள் வேண்டிநிற்கும் பேறு. அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்ல முன்வந்தபோது அவள் கையசைத்து மறுத்துவிட்டாளாம். பெற்ற மகளின் வாயால் கேட்கவேண்டும். அந்த ஒன்றையே பற்றிக்கொண்டு உயிர் நின்றது.

"மகள், வந்திட்டியா? உம்மாட காதுல சொல்லு. நோன்புக்கு வந்தநேரம் சொல்லித் தந்தனே. ஒருக்காச் சொல்லு."

சிறுமிக்கு அச்சொற்கள் தெரியும். தாயின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு செவியருகே குனிந்தாள். உதடு திறந்தது, ஒலி வரவில்லை. நம்பாத ஒன்றை நம்புகிறேன் என்று, அதுவும் சாகிற தாயிடம், சொல்ல அப்பிள்ளைக்கு வாய் எழவில்லை. இந்தப் பத்து வயதுப் பிள்ளையைக் கல்நெஞ்சுக்காரி என்பார் உளராயின், அவர் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணீர் தாயின் காதோரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லு மகள்" என்றாள் ஹவ்வா மறுபடியும். மூச்சு நீண்டு இழுத்தது.

அப்போது பூரணம் குனிந்தாள். வெள்ளிதோறும் பாண்டிருப்பிற்கு வந்த ஹவ்வா அங்கே வீட்டு மூலையில் தொழுதபோது கேட்டுக் கேட்டுப் படிந்த அச்சொற்களை, சிறுமியின் தலைக்கு மேலாகச் சாய்ந்து, ஹவ்வாவின் வலச்செவியில், குழந்தைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள். ஒருமுறை தடுமாறினாள், திருத்திக்கொண்டு மீண்டும் சொன்னாள். வெளியே பிற்பகற் பாங்கு எழுந்தது.

ஹவ்வாவின் உதடுகள் அவள்பின் அசைந்தன. பிறகு கண்ணைத் திறவாமலே, "பூரணமா சொன்னது?" என்றாள்.

"ஓம் ராத்தா."

"நல்லா இரி தங்கச்சி." மகளின் கைக்குள் இருந்த தன் கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னும் ஏதோ கேட்பதற்குக் காத்திருப்பவள்போல் முகத்தை மகளின் பக்கம் திருப்பினாள். அப்படியே மூச்சு நின்றுபோயிற்று.

கடற்கரை மணலில் இருவரும் திரும்பி நடக்கையில் சிறுமி கேட்டாள்: "எனக்கு ஏலாமப் போச்சேம்மா. உங்களுக்கு எப்பிடி ஏலுமாயிருந்திச்சு?"

பூரணம் நடையை நிறுத்தினாள். "நான் வயசு போய் வந்தவள் மகள். என்ட வாய்க்குள்ள எத்தினையோ பேர் கிடக்கினம். உன்ட வாய்க்குள்ள அவர் ஒராள்தானே. அது உன்ட பிழையில்ல. நான் வளத்த வளர்ப்பு" என்றாள். சொன்னவள் மணலில் குந்தி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அப்பமும் இரசமும் பெறும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து சென்றபோது அவள் மட்டும் இருக்கையிலேயே இருந்தாள். தான் சொன்னது பாவமா புண்ணியமா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நேசம் வளர்ந்து பெரியவளானாள். அவள் நம்பிக்கை ஒரு நாளும் அசையவில்லை. ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போனாள். ஆனால் பிற்பகலில் வடக்கேயிருந்து பாங்கொலி வரும்போது, கையிலிருப்பது அரிவாளோ அகப்பையோ, அதைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் போய் நிற்பாள். அது அவளுக்குத் தொழுகைக்கு விடுத்த அழைப்பன்று. "சொல்லு மகள்" என்று இன்னும் காத்திருக்கும் ஒருத்தியின் குரல். ஏதோ சொல்வதற்கு அவள் உதடு திறக்கும். அதற்குள் பாங்கு முடிந்துவிடும்.