ஞாயிற்றுக்கிழமை இறகுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹிலாரியோவுக்கு இங்கிலீஷ் தெரியாது. காட்சித் திடல் மேலாளரின் உத்தரவு அது.

மற்ற நாட்களில் அவன் விரிகுடாவுக்கு இக்கரையில், ரயில் கம்பெனியின் பணிமனையில் கொதிகலன்களுக்கு ரிவெட் ஆணி அடித்தான். நியூ மெக்சிகோவிலிருந்து வந்த அவனைப் போன்ற செவ்விந்தியர்களுக்குக் கம்பெனி பழைய சரக்கு ரயில் பெட்டிகளை வீடாகக் கொடுத்திருந்தது. அந்த வருஷம், 1915-இல், அக்கரையில், சான்பிரான்சிஸ்கோவில் உலகப் பொருட்காட்சி. கம்பெனி அங்கே சிமெண்டில் ஒரு மலை கட்டி, அடிவாரத்தில் மண்வீடுகள் எழுப்பி, பயணிகளுக்கு ஆசைகாட்டச் செவ்விந்தியர் ஆட்டம் வைத்தது. ஆட ஆள் குறைந்தால் பணிமனையிலிருந்து போக வேண்டும். மறுத்தால் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். பெட்டியில் அவன் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் தலையில் இறகுக் கிரீடம். அவன் ஊரில் யாரும் அதை வைப்பதில்லை. அது வேறு ஜனங்களுடையது.

"டேய் ஹிலாரியோ! நீயா? கோழி மாதிரி இருக்கடா!"

டூலி. பணிமனையில் எதிர்ப்பக்கம் நின்று ரிவெட்டைத் தாங்கிப் பிடிப்பவன். தினமும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். இன்று பக்கத்தில் மனைவி.

"நோரா, நான் சொல்வேன்ல, இவன்தான். டேய், வீட்டுக்காரிக்கு ஒரு வணக்கம் சொல்லு."

கூட்டத்தைத் தடுத்த கயிற்றுக்கு அப்பால் மேலாளர் நின்றிருந்தார். ஹிலாரியோ டூலியின் தலைக்கு மேலே எங்கோ பார்த்தான்.

"உங்க சிநேகிதனுக்கு உங்களைத் தெரியலையே," என்றாள் நோரா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டூலியின் கழுத்து சிவந்தது. அவன் பார்வை ஹிலாரியோவின் மணிக்கட்டுக்கு இறங்கியது. ரிவெட் சுட்ட தழும்பு. அன்று கட்டுப்போட்டது டூலிதான்.

திங்கட்கிழமை மத்தியானம் டூலி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து ஹிலாரியோ சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்திருந்தான். மேலாளர், பெட்டி, குழந்தை.

"நேத்து காட்சில ஒருத்தன், அசல் உன்னை மாதிரியே," என்றான் டூலி ரொட்டியைப் பார்த்தபடி. "நீ இல்லையே?"

"நான் இல்ல. வீட்லதான் இருந்தேன்."

"அதானே. நோராகிட்டயும் அதான் சொன்னேன். நான்தான் தப்பா பாத்துட்டேன்னு."

ரொட்டியைப் பிய்த்து, எப்போதும் போலப் பாதியை நீட்டினான். ஹிலாரியோ சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அதை வாங்கினான்.