பத்தொன்பது நாள் பிள்ளை

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவளுக்கு முதல் கர்ப்பம் தங்கியபோது நாத்தனாரின் கல்யாணத்துக்கு இரண்டே மாதம் இருந்தது. இந்த நேரத்தில் வாந்தி, மயக்கம் என்று இவள் படுத்துக்கொண்டால் கல்யாண வேலையை யார் இழுத்துப்போட்டுச் செய்வது, கலைத்தே ஆகவேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றாள். புருஷனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே மாத்திரை கொடுத்துக் கலைத்தார்கள். ஆறு மாதமாவது இடைவெளி விடு, அவசரப்பட்டால் குறைமாதமாகவோ எடை குறைந்தோ பிறக்கலாம் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி, கருத்தடை மாத்திரை அட்டையும் கொடுத்தனுப்பினாள்.

கல்யாணமான மறுமாதமே நாத்தனார் முழுகாமல் இருந்தாள். மாமியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் முந்திக்கொண்டாள், மருமகள் மட்டும் சும்மா இருப்பதா என்று அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். டாக்டரம்மா சொன்னதை இவள் புருஷனிடம் எடுத்துச் சொன்னாள். நாலு பெற்ற அம்மாவுக்குத் தெரியாததா என்று அவன் பேச்சை முடித்துவிட்டான்.

மறுமாதமே இவளும் உண்டானாள். ஏழாம் மாதம், இஸ்திரிப்பெட்டி கையிலிருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. பெண் குழந்தை, ஒரு கிலோ நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தது. முன்பு ஏதாவது கலைந்ததா என்று குழந்தை டாக்டர் கேட்டார். மாமியார் முந்திக்கொண்டாள்.

“எங்க யாருக்கும் தெரியாம மாத்திரை போட்டுக் கலைச்சவ சார் இவ. அதான் இந்தக் கதி.”

இவள் புருஷனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான். கலைத்ததைக் குற்றம் சொல்லாதீர்கள், இடைவெளி விடாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். மாமியார் காதில் அது ஏறவே இல்லை.

குழந்தை பத்தொன்பது நாள் இருந்தது. புதைத்துவிட்டு வந்த ஈரம் காயுமுன், “பொட்டப்புள்ளதானே, விடு. அடுத்த மாசமே உண்டாயிடலாம்” என்றாள் மாமியார்.

பால் வற்றவில்லை என்று காட்டப் போன இடத்தில் இவள் இனி உண்டாகாமலிருக்கக் காப்பர்-டி வைத்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. நாத்தனார் பிள்ளை வீடெல்லாம் ஓடியது. மாமியார் மாதாமாதம் நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கடைசியில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

“கோளாறு உங்க மகன்கிட்டதானாம் அத்தை. டாக்டர் சொல்றாங்க. வெளிய சொல்லிடாதீங்க.”

மாமியார் அன்று சாப்பிடவில்லை. இவள் இரண்டாவது தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.