நடுவில் ஒரு கழுவல்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் ‘கழுவாதவர்’ என்று பெயர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவர் கோபித்துக்கொண்டதில்லை. அவருடைய பெருமையெல்லாம் அந்தப் பெயருக்குள்தான் இருந்தது.

ரத்தத்தில் ஒரு ஹார்மோன் எவ்வளவு ஓடுகிறது என்று கதிரியக்கத்தைக் கொண்டு அளப்பது அங்கே வேலை. சிறிய குழாயின் உட்சுவரில், அந்த ஹார்மோனை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி பூசியிருக்கும். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, சீரத்தை, ஊற்றினால் ஹார்மோன் வந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிக் கொட்டிவிட்டு, கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். அது ஹார்மோனின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி கழுவி, எண்ணும் கருவியில் வைத்தால், கதிர் எவ்வளவோ அதற்கேற்ற ஹார்மோன். இரண்டு ஊற்றல், இரண்டு கழுவல். ஒரு நாளையே விழுங்கிவிடும். நடுக் கழுவலை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாகவே ஊற்றலாம் என்று கண்டுபிடித்தவர் இவர். காலையில் எடுத்த ரத்தத்துக்கு மதியமே விடை. பல ஆஸ்பத்திரிகள் அந்த முறைக்கு மாறின.

அக்காவுக்கு அதைக் கேட்டு அடக்க முடியாத சிரிப்பு.

“கை கழுவாம சாப்பிட உக்காருறவன்தானே நீ? காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் குழாயடியில நிறுத்துவேன். இப்ப அதுக்கே மாலை போடுறாங்களா உனக்கு?”

அம்மா போன பிறகு அவரை வளர்த்தது அக்காதான். தையல் மெஷினை மிதித்து மிதித்தே அவரைப் படிக்க வைத்தாள். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், “முதல்ல இவன் கரையேறட்டும்” என்பாள். அவர் கரையேறினார். அவள் மெஷினை விட்டு எழவே இல்லை.

அவளுக்குப் பக்கப் பார்வைதான் முதலில் போயிற்று. கதவு நிலையில் அடிக்கடி தோளை இடித்துக்கொண்டாள். “நேரா இருக்கறது தெரியுது, பக்கத்துல வர்றதுதான் தெரியல. வேண்டாதவங்களைப் பாக்காமப் போக நல்ல வழி” என்று சிரித்து மழுப்பினாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன அன்றுதான் அழுதாள். படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் பெரிய கட்டி. கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

ஹார்மோன் டாக்டர் எதையும் சுற்றி வளைக்காத பெண்மணி.

“இந்தக் கட்டியில ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணு, பால் சுரக்க வைக்கிற ஹார்மோனைக் கொட்டித் தள்ளும். அது மாத்திரையிலயே சுருங்கிடும், கத்தியே வேண்டாம். இன்னொண்ணு சும்மா வளரும். அதுக்கு ஆபரேஷன்தான். கண்ணுக்கு ஆபத்தும் உண்டு. எந்த வகைன்னு உங்க சோதனைதான் சொல்லணும்.”

வேறு யார் கையிலும் விட அவருக்கு மனம் வரவில்லை. ரத்தம் எடுத்ததிலிருந்து குழாயை எண்ணியது வரை எல்லாம் தானே செய்தார். ஹார்மோன் சற்றே கூடுதல், அவ்வளவுதான். கட்டி பக்கத்தில் அழுத்தினாலே அந்த அளவு கூடும். இது கொட்டித் தள்ளும் கட்டி இல்லை.

ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்டாள்: “கண்ணுல போட்ட கட்டை எப்படா அவுப்பாங்க?”

கண்ணில் கட்டு எதுவும் போட்டிருக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஹார்மோன் டாக்டர் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“வெட்டி எடுத்த சதையைச் சாயம் போட்டுப் பாத்திருக்காங்க சார். அத்தனையும் அந்த ஹார்மோனைச் சுரக்கிற செல்லுங்கதான். உங்க அளவோட ஒத்துப் போகலையே…”

டாக்டர் முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. தெரியாத விஷயம் இல்லை. வகுப்பில் அவரே பாடம் நடத்தியதுதான். ஹார்மோன் அளவுமீறி வெள்ளமாக வந்தால் அதில் ஒரு பகுதியே சுவர் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கதிர் ஏற்றிய ஆன்டிபாடியை, சுவரில் இடம் கிடைக்காமல் மிதக்கும் மீதி ஹார்மோன் பிடித்துக்கொள்ளும். கடைசிக் கழுவலில் அதெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். சுவரில் கதிர் இருக்காது. கருவி, ‘கொஞ்சம்தான்’ என்று சொல்லும். நடுவில் ஒரு முறை கழுவியிருந்தால் மிதப்பதெல்லாம் முன்பே வெளியேறியிருக்கும். இந்த ஹார்மோன் ஒரு மனித உடம்பில் அவ்வளவு ஏறாது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அந்தத் துணிச்சலில்தான் கழுவலை எடுத்தார்.

அக்காவின் மிச்ச சீரம் உறைபெட்டியில் இருந்தது. பத்துப் பங்கு நீர்க்கச் செய்து எண்ணினார். நீர்க்க நீர்க்கக் குறைய வேண்டிய கதிர் கூடியது. நூறு பங்கு நீர்க்கச் செய்தார். இன்னும் கூடியது. பிறகு பழைய முறைப்படி, நடுவில் கழுவி ஒரு முறை. கணக்குப் போட்டுப் பார்த்தவர் பென்சிலைக் கீழே வைத்தார். விடை கேட்க மறுநாள் வந்திருந்த டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த முறையை வைத்திருந்த ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றையும் போனில் கூப்பிட்டு, நிறுத்தச் சொன்னார். ‘கழுவாதவரே, என்ன ஆச்சு?’ என்று எங்கோ ஒருவர் சிரித்தபடி கேட்டார். போனை வைத்துவிட்டு அடுத்த ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார்.

வீட்டு வாசலை அடைந்தபோது உள்ளே அக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் அந்த சர்ஜனோட ராசியில்லாத கை. என் தம்பி சோதனை சரியாத்தான் சொல்லுச்சு. அவன் கையால பண்ணினது தப்புமா?”

பக்கத்து வீட்டுக்காரி போகும்வரை அவர் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய், அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

“யாரு, நீயா? வந்தவன் பேச மாட்டியா? நான் என்ன, மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுக்கப் போறேன்?”

“அக்கா, சர்ஜன் மேல தப்பில்ல.”

“சரி, விடு. யாரைச் சொல்லி என்ன ஆகப் போகுது.”

“கட்டி மாத்திரையிலயே கரைஞ்சிருக்கும். என் சோதனைதான் தப்பாச் சொல்லிடுச்சு.”

அக்காவின் கை அவர் தலையைத் தேடி வந்துகொண்டிருந்தது. பாதியில் நின்றது. மெதுவாக மடிக்குத் திரும்பியது.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. சமையலறைக் குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எப்போது பேசுவாள் என்று அவர் காத்திருந்தார். பேசாமலே இருந்துவிட்டால் தேவலை என்றும் தோன்றியது.

“நீ எடுத்தியே, அந்தக் கழுவல். அதனாலயா?”

“ஆமாக்கா.”

“மதியத்துக்குள்ள முடிக்கணும்னு.”

“ஆமா.”

அவள் முகம் குழாய் சொட்டும் பக்கம் திரும்பியது.

“கழுவியிருக்கலாமேடா” என்றாள். குரலில் கோபம் இல்லை. குழாயடியில் நிறுத்தி வைத்துச் சொன்ன அதே குரல்தான்.

சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தாள். கையைத் தாங்கப் போனவரை விலக்கினாள். இப்போதெல்லாம் நிலையில் அவள் தோள் இடிப்பதில்லை. கை முன்னால் போய்ப் பார்த்துவிடுகிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சற்றுக் கழித்துத் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. துணியில் ஊசி இறங்கும் சத்தம் அதில் இல்லை. வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தாள். நின்றதும் உள்ளே போகலாம் என்று அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அது நிற்கவில்லை.