மாரியம்மாள் கையிலிருந்த கண்டக்டர்

கட்டிய புருஷன் கண்ணெதிரே கரைந்து காற்றோடு போகவிருந்தபோது பச்சை குத்துகிற ஒரு பேட்டரி மிஷினையும் ஒரு டப்பா மையையும் வைத்தே அவரை மீட்டுவந்தவள் கடலூர் ஜில்லாவில், ஏன், கொள்ளிடத்துக்கு இந்தக் கரை அந்தக் கரை எங்கேயுமே, மாரியம்மாள் ஒருத்திதான். 2009ஆம் வருஷம் அவள் புருஷன் சிங்காரம் எந்த அளவுக்கு மங்கிப்போயிருந்தார் என்றால், அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவர் நெஞ்சு வழியாகவே பின்சுவர்க் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளலாம். துவரம்பருப்பு விலை ஏறியதும் அதே வருஷம்தான். அவர்கள் குடியிருந்த முதுநகரில் பருப்பைப் பற்றித்தான் ஜாஸ்தி பேசினார்கள்.

காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் சிதம்பரம் தேர் பார்க்கப் போன மாரியம்மாள், கீழவீதியில் பச்சை குத்துகிற சின்னம்மாளிடம் உட்கார்ந்து புருஷன் பேரை முன்கையில் குத்திக்கொண்டாள். அவள் பிறந்த குமராட்சிப் பக்கத்தில் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, பேர் கேட்டால் கையை நீட்டிவிடுவாள். ஆனால் அவளுடைய வியாபாரம் கருவாடு. காலையில் உப்புத்தண்ணீரில் கை, அப்புறம் பொழுது சாயும்வரை வெயிலில் கை. மை என்ன செய்யும், பாவம்? கருகருவென்றிருந்த எழுத்து பச்சையாகி, பாசி நிறமாகி, கடைசியில் பழைய தழும்பு மாதிரி ஆனது. எழுத்து மங்க மங்க, சிங்காரமும் மங்கினார்.

அவர் கடலூர் சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கண்ணுக்குத் தெரியாத கண்டக்டரிடம் யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆலப்பாக்கத்தில் ஏறியவர்கள் முட்லூரில் ஓசியாக இறங்கிப்போனார்கள். ஒரு பாட்டி அவர் மடியிலேயே உட்கார்ந்து வந்துவிட்டு, சீட்டு ரொம்பச் சூடு என்று டிரைவரிடம் குறை சொன்னாள்.

அந்த டிரைவர் தேவசகாயம், காடாம்புலியூர்க்காரர். சிங்காரம் மங்குவதை நம்பாதவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவருக்குப் பையும் விசிலும் மட்டும் தெரிந்தன. கண்ணாடி அழுக்கு என்று துடைத்தார். போதாமல் புதுக் கண்ணாடி மாட்டினார். அதிலும் ஆள் தெரியாததால், நன்றாயிருந்த கண்ணில் புரை என்று சாதித்து ஆபரேஷனே பண்ணிக்கொண்டார். "நீ எளச்சிட்ட மச்சான், அவ்ளோதான். கரஞ்சி போறதுக்கு நீ என்னா பஞ்சுமிட்டாயா? அது மட்டும் நெசமா இருந்தா எம் மீசைய எடுத்துடறேன்!" மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. எதிரே லாரி வந்தால் அதை மடக்கிக்கொண்டுதான் வழி விடுவார்.

2010 ஆனித் தேருக்கு மாரியம்மாள் மறுபடி சின்னம்மாளிடம் போய்க் கையை நீட்டினாள். சின்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கோடு பாசி நெறத்துக்கு எறங்குறப்பவே வந்திருக்கணும்டி. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா ஆளே கெடச்சிருக்க மாட்டான்." பழைய கோட்டின் மேலேயே மை ஏற்றிவிட்டு, ஒரு கண்டிஷனும் போட்டாள். "பொருக்கு தானா உதுந்து, தோலு பழையபடி ஆவுற வரைக்கும் உப்புத்தண்ணி ஆவாது, வெயிலு ஆவாது. வேற எவன்கிட்டயும் ஊசி குத்திக்காத."

மாரியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் படகு கொள்ளாமல் நெத்திலி வந்தது. கை சும்மா இருக்குமா? உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறங்கிவிட்டது. பொருக்கு அங்கங்கே பிய்ந்து, சிங்காரம் ஒரு காது, ஒரு தோள், இடது கால் என்று திட்டுத்திட்டாகத் திரும்பிவந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. புண் ஆறுவதற்குள் புதுநகரில் புதிதாகக் கடை போட்டிருந்த ஒருவனிடம் ஓடினாள். அவன் பச்சைப் புண்ணிலேயே ஊசியை ஆழமாக இறக்க, மை தோலுக்கடியில் பரவியது. சிங்காரமும் பரவினார். மூன்று பேர் சீட்டை அவர் ஒருவரே அடைத்துக்கொண்டார். எங்கே முடிகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அவரை உரசி இறங்கியவர்களின் வெள்ளை வேட்டியெல்லாம் பச்சையானது. பிறகு புண் சீழ் பிடித்து உரிந்தது. ஐப்பசிக்குள் குரல் உட்பட எல்லாம் போய், ஒரு தோல் பையும் ஒரு விசிலும்தான் மிச்சம்.

அப்போதுதான் மாரியம்மாள் பயந்தாள். தொட்டி வேலையை நாத்தனார் கையில் விட்டுவிட்டு, சேலைக்கு மேல் புருஷனின் காக்கிச் சட்டையை மணிக்கட்டு வரை மாட்டிக்கொண்டு, தேங்காயெண்ணெய் தடவிக் காத்திருந்தாள். சோறு வைத்துவிட்டு, "ஏங்க, இருக்கீங்களா?" என்பாள். ஒரு விசில் வரும். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. இரண்டாவது விசில் வந்துவிடக் கூடாதே என்பதுதான் மார்கழி வரைக்கும் அவளுக்கிருந்த ஒரே வேண்டுதல்.

ஆருத்ரா தேரன்று, நன்றாக ஆறிய கையோடு, பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே கீழவீதிக்கு வந்து சேர்ந்தாள். பித்தலாட்டத்தைப் பிடித்துக்கொடுக்கிறேன் என்று தேவசகாயமும் பின்னாலேயே வந்தார். சின்னம்மாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொளத்துப் பாசி மாதிரி கெடக்குது. ஒரு எழுத்தும் புரியல. பேரு என்னாடி?"

மாரியம்மாள் பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் கையை நீட்டினாள்.

"அதுலதான் ஒண்ணும் இல்லியே! வாயத் தொறந்து சொல்லு."

"அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே."

"ஆளே இல்லாத எடத்துல யாரு பேரச் சொல்றது?" என்றார் தேவசகாயம். "மச்சான் டீ குடிக்கப் போயிருப்பான், வருவான்."

பை வாரோடு நழுவித் தரையில் விழுந்தது. ஒரு விசில் கேட்டது. அதன் வால் பிடித்து, கொசு ரீங்கரிக்கிற மாதிரி, இன்னொன்று தொடங்கியது.

"சிங்காரம்!"

மாரியம்மாள் போட்ட அந்தச் சத்தத்தில் வடம் பிடித்தவர்கள் வடத்தை விட்டார்கள், தேர் நின்றது, கோபுரத்துப் புறாக்கள் பரங்கிப்பேட்டை வரைக்கும் போய்விட்டுத் திரும்பின. இரண்டாவது விசில் பாதியிலேயே நின்றது. "சிங்காரம், சிங்காரம்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்க, சின்னம்மாள் குத்திக்கொண்டே போனாள். முதல் எழுத்துக்குத் தலை வந்தது, அடுத்ததற்குத் தோள், கடைசிப் புள்ளிக்குச் செருப்பு. முழுசாக வந்து நின்ற சிங்காரம், முதல் காரியமாகப் பையைத் தேடி எடுத்தார். தேவசகாயம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இங்க சாம்பிராணிப் பொக ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸை எடுக்கப் போனார். மீசை அப்படியே இருந்தது.

அந்த மீசை இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தது. தேவசகாயத்தின் சம்சாரம் தைலம்மாள் காடாம்புலியூரில் முந்திரி உடைப்பவள், முந்திரித்தோட்டு எண்ணெய் பட்டால் தோலே உரியும். அவள் கையிலும் ஒரு பேர் இருந்தது. 2012 ஆவணியில், ஆலப்பாக்கம் வளைவில் ஸ்டியரிங் தானாகத் திரும்புவதைப் பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். தேவசகாயத்தின் காக்கிச் சட்டை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. பஸ் சரியான நேரத்துக்குச் சிதம்பரம் போய்ச் சேர்ந்ததால் யாரும் புகார் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாரியம்மாள் முழுக்கைச் சட்டையோடு கருவாடு புரட்டிக்கொண்டிருந்தபோது, மழமழவென்ற முகத்தோடு ஒருவர் தைலம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். யாரென்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வாங்கண்ணே. மீசை எங்க?"

தேவசகாயம் தைலம்மாளின் கையைப் பார்த்தார், தன் சட்டைக்கையின் வெறும் நுனியைப் பார்த்தார்.

"கண்ணாடி நல்லாத்தாம்மா இருந்துது" என்றார். "மச்சான் மறஞ்சிதான் போனான். நான் பாத்தேன்."