மூன்று வார்த்தைக்கு மேல் கூடாது

நான் வாயாடி. ஒத்துக்கொள்கிறேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன், நேற்றே போயிருக்க வேண்டியது யாரால் கெட்டது என்பதுவரை சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். அப்படிப்பட்டவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, 'பதில் மூன்று வார்த்தைக்கு மேல் போகக் கூடாது' என்றால் எரிச்சல் வருமா வராதா?

அறுபத்திரண்டாம் வருசம் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுப்பதாகப் பேப்பரில் வந்தது. பெண்களும் எழுதலாம். எஸ்.எஸ்.எல்.சி. போதும், வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு இருபத்தைந்து முடிய மூன்று மாதம் இருந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருசம் பட்டது போதும் என்று திரும்பி வந்து, கோவில்பட்டியில் அண்ணன் செண்பகராஜ் வீட்டில் ஐந்து வருசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு சொல் சொன்னதில்லை. மதினி சொர்ணத்தாய் சொல்லாத நாளில்லை. "இன்னொரு தோச வேணுமாக்கும்?" என்பாள். அந்த 'ஆக்கும்' இருக்கிறதே, அதற்குப் பிறகு தோசை எங்கே இறங்கும்? இந்த வேலை கிடைத்தால் என் சோற்றை நான் தின்னலாம். இல்லையென்றால் சாகிறவரை அவள் போடுவதுதான்.

பரீட்சையில் ஒரு தாள் முழுக்கக் காதுக்கு. ஒருவர் முன்னால் நின்று, போனில் பேசுவதுபோல ஆங்கிலத்தில் ஒரு சேதியை ஒரே ஒரு தடவை வாசிப்பார். பேசினவர் யார், எத்தனை மணி, எந்த ஊர், எத்தனை பொதி என்று சின்னச் சின்னக் கேள்விகள். அவர் வாசிக்க வாசிக்க நாம் எழுதிக்கொண்டே போக வேண்டும்.

ரசியாவும் மனுப் போட்டிருந்தாள். பருத்தித் தரகர் சேக் முகம்மதுவின் மகள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்ச். இங்கிலீஷில் அவள்தான் எப்போதும் முதல். எத்தனை பேரை எடுப்பார்கள் என்று பேப்பரில் போடாததால் எங்களுக்குள் போட்டி என்ற நினைப்பே வரவில்லை. அவள் வீட்டில் ரேடியோ இருந்தது. காலையில் இங்கிலீஷ் செய்தி கேட்போம். பிறகு அவள் பேப்பரை எடுத்து மூச்சுவிடாமல் வாசிப்பாள், கேள்வி கேட்பாள், நான் எழுத வேண்டும்.

முதல் நாள் நான் எழுதினதைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ரயிலு எப்ப வந்துச்சுன்னு கேட்டா மணியச் சொல்லு. அது ஏன் லேட்டுன்னு அவன் கேட்டானா?"

"காரணம் சொல்லாம எப்படிட்டி?"

"நீ காரணம் எழுதி முடிக்கதுக்குள்ள அவன் அடுத்த ஸ்டேசனுக்குப் போயிருவான்."

அவள் சொன்னது ஒவ்வொன்றாக எனக்குப் படிந்தது. வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே கேள்விகளைப் பார்த்துவிட வேண்டும். ஆளா, ஊரா, எண்ணா என்று ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் காது அதற்கென்று காத்திருக்கும். கேள்விகள் பேச்சு போகிற வரிசையிலேயேதான் வரும். ஒன்று போனால் போகட்டும், அதையே நினைத்து உட்கார்ந்தால் அடுத்த மூன்றும் போய்விடும். பேசுகிறவன் நடுவில் 'இல்லையில்லை' என்று மாற்றிச் சொன்னால், கடைசியாகச் சொன்னதுதான் கணக்கு.

எனக்கு எமன் எண்கள்தான். ஒரு பதிலை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த எண் வந்துவிடும், எழுதி நிமிர்ந்தால் மறந்துவிடும். அதற்கும் ரசியா ஒரு வழி வைத்திருந்தாள். அவள் வாப்பா துண்டுக்குள் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. பார்த்துப் பார்த்து வளர்ந்தவள், அதைத் தன் கைக்கு மட்டும் மாற்றிக்கொண்டாள். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆக பன்னிரண்டு. காதில் எண் விழுந்ததும், பெரிய எண்ணானால் இலக்கம் இலக்கமாக, கட்டைவிரல் நகத்தால் அந்தக் கணுவில் ஓர் அழுத்து. வலது கை எழுதுவதை எழுதட்டும். இடது கையில் தடம் நிற்கும். ஒரு மாதத்தில் எனக்கும் அது கை வந்துவிட்டது.

பரீட்சை திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில். ரசியாவின் வாப்பா எங்களை ரயிலில் கூட்டிப்போய் விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பெண்கள் ஏழெட்டுப் பேர்தான், எல்லோரும் முன்வரிசையில். எனக்கு இடது பக்கம் ரசியா. வாசிக்க வந்தவர் வெளிமாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது, ஆனால் இங்கிலீஷ் ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரி விழுந்தது. இரண்டு சேதி முடிந்தது. எனக்கு ஒரு கேள்விதான் போயிருந்தது. இடது கை முந்தானைக்குள் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தோசத்தில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மூன்றாவது சேதிக்குத் தாளைப் புரட்டினவர் நிறுத்திவிட்டு ரசியாவிடம் வந்தார். அவள் கை தாவணிக்குள் அசைந்ததைப் பார்த்திருக்கிறார். கையை வெளியே எடுக்கச் சொன்னார். விரல் கணுவெல்லாம் நகத்தடம், சிவந்து கிடந்தது.

என்ன செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எண்ணுதேன் சார்" என்பதை அவள் ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தையில் சொன்னாள்.

எதை எண்ணுகிறாய் என்றார்.

"நம்பர் சார்" என்றாள், அதுவும் இரண்டே வார்த்தை.

அடிப்பாவி, இப்போது பேசவேண்டியதுதானே! துண்டு, தரகு, வாப்பா எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதுதானே! இரண்டு மாதம் சுருக்கிச் சுருக்கிப் பழகின நாக்கு அவளுக்கு நீளவில்லை. அவருக்கு அது திமிராகப் பட்டது, முகம் கறுத்துவிட்டது. யாருக்கு ஜாடை காட்டுகிறாய் என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டார். இப்படி விரலில் எண்ணுகிற பழக்கம் இங்கே வேறு யாருக்காவது உண்டா? உண்டென்றால் எழுந்து நிற்கலாம்.

என் முந்தானைக்குள் அதே தடம் எரிந்துகொண்டிருந்தது. எழுந்து கையைக் காட்டினால் போதும், இது கணக்குத்தான் என்று அவர் நம்பியிருப்பார். நம்பாமலும் போயிருக்கலாம், அப்போது எங்கள் இரண்டு பேர் தாளும் போயிருக்கும். எனக்கு இருபத்தைந்து முடிய அப்போது பதினோரு நாள். நான் விரல்களை மடக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தேன். ரசியா என் பக்கம் திரும்பவே இல்லை. இவளும் செய்கிறாள் என்று ஒரு விரலை நீட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் அவள் தாளை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவள் வெளியே போனாள்; மணி அடிக்கும்வரை வாப்பா கண்ணில் படாமல் வராந்தாவிலேயே நின்றிருந்தாள். மூன்றாவது சேதியில் எனக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

ரயிலில் அவள் வாப்பா, "எப்படித்தா எழுதின?" என்று கேட்டார். "சரியா எழுதல வாப்பா" என்று மட்டும் சொன்னாள். மணியாச்சி தாண்டி, கடம்பூர் தாண்டி, கோவில்பட்டி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. நான்! அத்தனை தூரம்!

ஐந்து வாரத்தில் எனக்கு ஆர்டர் வந்தது. மதினி அன்றைக்கு அவளாகவே இன்னொரு தோசை போட்டாள். சாயங்காலம் ரசியா கடம்பூர் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். ஆர்டரை முழுக்க வாசித்தாள். என்றைக்குச் சேர வேண்டும், எந்த ஷிப்ட் என்றெல்லாம் கேட்டாள். சந்தோசமாகத்தான் கேட்டாள், அதில் பொய் இல்லை. அப்புறம் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ராதாமணி, அன்னைக்கு அவரு வேற யாருக்கும் பழக்கம் உண்டான்னு கேட்டாருல்லா. நீ ஏன்ட்டி எந்திரிக்கல?"

பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்கோ என்று காலில் விழுந்திருக்கலாம். அந்த ஐந்து வாரமும் படுக்கையில் புரண்டு புரண்டு நான் சேர்த்துவைத்திருந்த பேச்சு எவ்வளவோ இருந்தது.

"அவரு கேட்டது சரியா காதுல விழலட்டி" என்றேன்.

அவள் போளிப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். இரண்டு மாதமாக, வேகமாக வாசித்தால் எனக்கு எது கேட்கும், எது கேட்காது, எந்த எண்ணில் தடுமாறுவேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து என் காதைத் தீட்டினவள் அவள்தான்.

"சரி, போளி ஆறுததுக்குள்ள தின்னு" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.